அடுத்த முறை எப்போது வரட்டும்?



கண்ணாடி இல்லாத கடை இன்று உண்டா? முன்பெல்லாம் கடைக்குப் பலகைக் கதவு இருந்தது. காலையில் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். இரவில் வரிசையாக மாட்டுவார்கள். இப்போது துணிக்கடை, மருந்துக்கடை, பேக்கரி, பியூட்டி பார்லர் எதுவானாலும் முன்பக்கம் கண்ணாடிதான். அடுக்குமாடி வீடுகளிலும் பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல்கள்.

கண்ணாடி இருந்தால் தூசி படியும். கை படும். மழைத்துளி காய்ந்து புள்ளி விழும். துடைக்க ஆள் வேண்டும். அதுவே ஒரு தொழில். இதற்குப் பெரிய முதல் தேவை இல்லை. ஒரு பக்கெட், ஒரு வைப்பர், ஒரு ஸ்பாஞ்சு, நாலைந்து துணி, கொஞ்சம் சோப்பு, ஓர் ஏணி. வேலையையும் சில நாளில் பழகிவிடலாம்.

அப்படியானால் கஷ்டம் எங்கே இருக்கிறது? வேலை கொடுப்பவரைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. ஒரு முறை கொடுத்தவரை மறுபடியும் கொடுக்க வைப்பதில் இருக்கிறது. இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

பெங்களூரில் அல்சூர் என்று ஒரு பகுதி உண்டு. தமிழ் பேசும் மக்கள் பல தலைமுறைகளாக அங்கே வாழ்கிறார்கள். அங்கே ஒரு கணவன் மனைவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவன் பெயர் குமார். பெயிண்ட் அடிக்கும் வேலை. மனைவி பெயர் செல்வி. வீட்டு வேலைக்குப் போய் வந்தவர். முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். ஒரு குழுக் கடன் இருக்கிறது. வாரா வாரம் தவணை கட்ட வேண்டும். பெயிண்ட் வேலை சில வாரம் உண்டு. சில வாரம் இல்லை. அதனால் கண்ணாடி துடைக்கும் தொழிலைத் தொடங்கினார்கள்.

குமார் முதலில் என்ன செய்தார்? 1,000 நோட்டீஸ் அடித்தார். அதற்கு 1,200 ரூபாய். பேப்பர் போடும் பையனிடம் 300 ரூபாய் கொடுத்துச் செய்தித்தாளுக்குள் வைக்கச் சொன்னார். ஆறு பேர் போன் செய்தார்கள். நான்கு பேர் விலை மட்டும் கேட்டார்கள். இரண்டு பேர் வேலை கொடுத்தார்கள். ஒரு வீடு வைட்ஃபீல்டில். அல்சூரில் இருந்து பஸ் பிடித்துப் போய்த் திரும்பவே அரை நாள் ஆயிற்று. கூலி 600 ரூபாய். இன்னொரு வீட்டில் 500 ரூபாய்.

கணக்குப் பாருங்கள். வந்தது 1,100. போனது 1,500. பஸ் காசு தனி.

குமார் சோர்ந்து போனார்.

"என்னங்க, ஊர் முழுக்க எதுக்குத் தேடணும்?" என்று செல்வி கேட்டார். "பக்கத்துல இந்திரா நகர் இருக்கு. சி.எம்.எச். ரோட்டுல எத்தனை கடை! எல்லாம் கண்ணாடிதானே? ஒரே ரோட்டுல பத்துக் கடை கிடைச்சா நடந்தே முடிச்சிரலாமே."

"கடைக்காரங்க கொடுக்க மாட்டாங்க செல்வி. அவங்ககிட்ட கடைப் பையன் இருக்கான். அவனே துடைச்சிருவான்."

குமார் சொன்னது உண்மைதான். பெரும்பாலான கடைகளில் பையன் ஒருவன் பழைய துணியால் துடைப்பான். அல்லது செய்தித்தாளைக் கசக்கித் தேய்ப்பான். தூரத்தில் இருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். வெயில் விழும்போது பார்த்தால் வட்டம் வட்டமாகக் கோடு தெரியும். அந்தக் கோடு கடைக்காரர் கண்ணில் படுவதில்லை. தினமும் பார்த்துப் பழகிவிட்டது.

அதை எப்படிக் காட்டுவது? வாயால் சொன்னால் கோபம் வரும். "உங்கள் கடை அழுக்கு" என்று சொல்லி யாரிடமும் வேலை வாங்க முடியாது.

செல்வி ஒரு வழி செய்தார். ஒரு பேக்கரிக்குப் போனார். நேரம் காலை ஒன்பது மணி. அதுவும் முக்கியம். மாலையில் போனால் கடையில் கூட்டம் இருக்கும். யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள். காலையில் வாசல் கூட்டி, ஊதுபத்தி ஏற்றி, கடைக்காரர் சற்று ஓய்வாக நிற்பார்.

"அண்ணா, இந்தக் கதவுல பாதிக் கண்ணாடி மட்டும் துடைச்சுக் காட்டட்டுமா? காசு வேண்டாம். பிடிச்சா பேசலாம். பிடிக்கலைன்னா போயிடறேன்."

பேக்கரிக்காரர் தலையாட்டினார். செல்வி சோப்புத் தண்ணீரை ஸ்பாஞ்சில் தொட்டுத் தேய்த்தார். வைப்பரை மேலே வைத்து ஒரே சீராகக் கீழே இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் ரப்பரைத் துணியில் துடைத்தார். ஓரத்தில் நின்ற தண்ணீரை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தார். இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை.

பாதிக் கண்ணாடி துடைத்தது. பாதிக் கண்ணாடி பழையது. நடுவில் கோடு கிழித்தது போல் வித்தியாசம் தெரிந்தது. பேக்கரிக்காரர் கிட்டே வந்து பார்த்தார். வெளியே போய் நின்று பார்த்தார்.

"சரிம்மா, மீதியும் துடை. எவ்வளவு?"

இந்த வழி புதிதல்ல. பொருளைக் கையில் கொடுத்துக் காட்டி விற்றவர்கள் உலகம் முழுவதும் இருந்திருக்கிறார்கள். இன்று உலகமெங்கும் இருக்கும் வைப்பருக்கே அப்படி ஒரு கதை உண்டு. எட்டோரே ஸ்டெக்கோனே என்று ஒருவர். இத்தாலியில் பிறந்தவர். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போய் ஜன்னல் துடைத்தார். அந்தக் காலத்து வைப்பர் கனமானது. ரப்பரை மாற்ற வேண்டுமானால் பல திருகாணிகளைக் கழற்ற வேண்டும். அவர் பித்தளையில் லேசான வைப்பர் ஒன்றைச் செய்தார். ஒற்றை ரப்பர்தான். 1936-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். விற்கும் வியாபாரிகள் முதலில் அதை வாங்கவில்லை. அவர் ஜன்னல் துடைக்கும் தொழிலாளிகளிடமே அதைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பயன்படுத்திப் பார்த்தவர்கள் கடையில் போய் அதையே கேட்டார்கள். பிறகு வியாபாரிகள் அவரைத் தேடி வந்தார்கள்.

செல்வி அந்த ரோட்டில் 30 கடை ஏறி இறங்கினார். 9 கடைகளில் பாதிக் கண்ணாடி துடைக்க விட்டார்கள். அதில் 4 கடை வேலை கொடுத்தது. மற்ற 21 கடைகளில் "வேண்டாம்" என்றார்கள். ஒரு கடையில் மரியாதை இல்லாமலும் பேசினார்கள். எல்லாவற்றையும் செல்வி ஒரு நோட்டில் எழுதி வைத்தார். கடைப் பெயர், என்ன சொன்னார்கள், யார் சொன்னார்கள். வேலைக்காரர் "வேண்டாம்" என்று சொன்ன கடை வேறு. முதலாளியே "வேண்டாம்" என்று சொன்ன கடை வேறு. முதல் வகைக் கடைக்கு மறுபடியும் போகலாம், முதலாளி இருக்கும் நேரம் பார்த்து.

இப்போது விலைக்கு வருவோம்.

பேக்கரிக்காரர் "எவ்வளவு?" என்று கேட்டார் அல்லவா? பலர் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். "பார்த்துக் கொடுங்க" என்கிறார்கள். அப்படிச் சொல்லவே கூடாது. அவர் பார்த்துக் கொடுப்பது எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். விலையை முன்னாலேயே வீட்டில் கணக்குப் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கடைக்கு எத்தனை நிமிடம்? நடக்கும் நேரம் எவ்வளவு? சோப்பு, ரப்பர், துணிச் செலவு எவ்வளவு? உங்கள் ஊரில் ஒரு நாள் கூலி எவ்வளவு?

செல்வி 100 ரூபாய் என்றார். பேக்கரிக்காரர் 50 என்றார். செல்வி விலையை மட்டும் தனியாகக் குறைக்கவில்லை. "உள்பக்கம் வெளிப்பக்கம் ரெண்டும்னா 100 அண்ணா. வெளிப்பக்கம் மட்டும் போதும்னா 60" என்றார். விலை குறைந்தால் வேலையும் குறையும் என்று அவருக்குப் புரிந்தது. இரண்டு பக்கமும் துடைக்கவே சொன்னார். (இந்த விலைகள் கணக்குக்காகச் சொன்னவை. உங்கள் ஊர் விலையை விசாரித்துக்கொள்ளுங்கள்.)

வேலை முடிந்தது. காசு கைக்கு வந்தது. குமாராக இருந்தால் நன்றி சொல்லிக் கிளம்பியிருப்பார். செல்வி கிளம்பவில்லை. நோட்டையும் பேனாவையும் எடுத்தார்.

"அண்ணா, அடுத்த முறை எப்போ வரட்டும்? வெள்ளிக்கிழமை இதே நேரம் வரட்டுமா?"

இந்தத் தொழிலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கண்ணாடி துடைத்த அன்று பளபளக்கும். ஒரு வாரத்தில் மறுபடியும் தூசி படியும். ஒரு முறை துடைத்தவருக்கு 100 ரூபாய். வாரா வாரம் துடைப்பவருக்கு மாதம் 400 ரூபாய். புதுக் கடைக்கு அலைய வேண்டாம். நோட்டீஸ் வேண்டாம். கண்ணாடியும் அதிகம் அழுக்காகாது. அதனால் இரண்டாம் முறை வேலையும் சீக்கிரம் முடியும்.

"தேவைப்பட்டா கூப்பிடறேன்" என்று கடைக்காரர் சொல்வார். பெரும்பாலும் கூப்பிட மாட்டார். மறந்துவிடுவார். அவர் மேல் குற்றம் இல்லை. அவருக்கு மாவு, சர்க்கரை, கரண்ட் பில் என்று ஆயிரம் கவலை. கிழமையைக் குறித்துக்கொள்ள வேண்டியது துடைப்பவர்தான். குறித்த கிழமையில் குறித்த நேரத்தில் போய் நிற்க வேண்டும். போக முடியாவிட்டால் முன்னாளே போன் செய்ய வேண்டும்.

பெங்களூரில் இதைக் கன்னடத்தில் கேட்க வேண்டிய கடைகள் நிறைய. செல்வி கற்றுக்கொண்டார். "முந்தின வார யாவாக பரலி?" அடுத்த வாரம் எப்போது வரட்டும் என்று பொருள். இதில் ஒரு வேடிக்கை. தமிழில் முந்தின வாரம் என்றால் போன வாரம். கன்னடத்தில் முந்தின என்றால் வரப்போவது. குமார் இதைக் கேட்டுவிட்டு, "போன வாரம் எப்ப வரட்டும்னா கேக்கறே?" என்று சிரித்தார். எந்த ஊரில் பிழைக்கிறோமோ அந்த ஊர்ப் பேச்சில் நாலு வார்த்தை பேசினால் கடைக்காரர் முகம் மலரும். விலாசச் சீட்டு அடித்தாலும் அந்த ஊர் மொழியிலும் அடியுங்கள்.

சீட்டைச் சுவரில் ஒட்டாதீர்கள். கர்நாடகத்தில் பொது இடங்களை அலங்கோலம் செய்வதைத் தடுக்க 1981-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. கண்ட சுவரில் நோட்டீஸ் ஒட்டினால் அபராதம் கட்ட வேண்டி வரும். சுத்தம் செய்கிறேன் என்று சொல்லும் தொழிலுக்குச் சுவரை அசிங்கம் செய்வது பொருந்தவும் பொருந்தாது. வேலை கொடுத்தவர் கையில் ஐந்து சீட்டு கொடுங்கள். அவர் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுப்பார். அது 1,000 நோட்டீசைவிட நன்றாக வேலை செய்யும்.

கைபேசி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். கூகுள் வரைபடத்தில் தொழிலின் பெயரைப் பதிவதற்குக் கட்டணம் கிடையாது. "50 வாடிக்கை பிடித்துத் தருகிறோம், முதலில் பணம் கட்டுங்கள்" என்று போன் வந்தால் கட்டாதீர்கள். இன்னொன்று. யுபிஐ மூலம் பணம் வாங்கும்போது ரகசிய எண்ணைப் போட வேண்டிய அவசியமே இல்லை. பணம் கொடுக்கத்தான் அந்த எண் வேண்டும். "பணம் அனுப்புகிறேன், எண்ணைப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் அது ஏமாற்று.

மூன்று மாதம் ஆயிற்று. 12 கடைகள் வாரா வாரம். மாதம் 4,800 ரூபாய். 5 வீடுகள் மாதம் ஒரு முறை. வீட்டுக்கு 600 வீதம் 3,000 ரூபாய். ஆக 7,800. சோப்பு, ரப்பர், துணிக்கு 400 போனால் மீதி 7,400. செல்விக்குப் பஸ் செலவு இல்லை. கர்நாடகத்தில் 2023 ஜூன் மாதம் முதல் அரசின் சாதாரண பஸ்களில் அந்த மாநிலப் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கடைகளைச் செல்வி பார்த்துக்கொண்டார். பெயிண்ட் வேலை இல்லாத நாளில் குமார் வீடுகளுக்கு உடன் வந்தார்.

வீடுகளில் வேலை சற்று வேறு. பெங்களூரில் பல இடங்களில் போர்வெல் தண்ணீர். உப்புத் தண்ணீர் தெறித்துக் காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி விழும். சோப்புக்குப் போகாது. வினிகரைத் துணியில் நனைத்துச் சிறிது நேரம் வைத்துத் தேய்த்தால் பெரும்பாலும் போகும். உச்சி வெயிலில் துடைக்கக் கூடாது. தண்ணீர் உடனே காய்ந்து கோடு விழும். போகாத கறையைப் போகும் என்று சொல்லி வேலை வாங்கக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் கீறலைத் தொடங்குவதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் காட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பழி நம் மேல் வரும்.

ஒரு நாள் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்து அழைப்பு வந்தது. மூன்றாவது மாடி. வரவேற்பறையில் பெரிய ஜன்னல்கள். உள்பக்கம் துடைத்து முடித்தார்கள். வீட்டம்மா வெளிப்பக்கத்தையும் துடைக்கச் சொன்னார்.

"கீழே சன்ஷேடு இருக்கு பாருங்க. அதுல இறங்கி நின்னு துடைச்சிருங்க. 1,500 ரூபாய் தர்றேன். போன வருஷம் வந்த பையன் அப்படித்தான் துடைச்சான்."

குமார் எட்டிப் பார்த்தார். ஓர் ஆள் நிற்கும் அகலம். பாசி பிடித்திருந்தது. மறுநாள் குழுக் கடன் தவணை. கையில் 300 ரூபாய்தான் இருந்தது. 900 கட்ட வேண்டும். அவர் செருப்பைக் கழற்றினார்.

செல்வி அவர் கையைப் பிடித்தார்.

"வேண்டாங்க."

"அஞ்சு நிமிஷம் செல்வி. பெயிண்ட் வேலையில நான் ஏறாத உயரமா?"

"பெயிண்ட் வேலையில உங்ககூட இருந்த அண்ணன் எங்க விழுந்தாரு? சொல்லுங்க."

குமார் பேசவில்லை. அந்த அண்ணன் விழுந்தது இரண்டாவது மாடி சன்ஷேடில் இருந்து. இடுப்பு ஒடிந்தது. அதன் பிறகு வேலைக்கே போக முடியவில்லை. மேஸ்திரி மருத்துவமனைக்குக் கொஞ்சம் பணம் கொடுத்ததோடு சரி.

சன்ஷேடு மழையையும் வெயிலையும் தடுக்கக் கட்டியது. ஆள் நிற்பதற்காகக் கட்டியது அல்ல. உயரத்தில் வெளியே தொங்கிக் கண்ணாடி துடைப்பது தனித் தொழில். அதற்குப் பயிற்சி வேண்டும். உடம்போடு கட்டும் பெல்ட், தலைக்கவசம், தொங்கி வேலை செய்ய ஒரு கயிறு, அது அறுந்தால் தாங்க இன்னொரு தனிக் கயிறு, எல்லாம் வேண்டும். பக்கெட்டும் வைப்பரும் மட்டும் வைத்திருப்பவர் செய்கிற வேலை அல்ல அது. தரையில் நின்று நீளக் கோல் மாட்டித் துடைக்கும் உயரம், ஏணியைக் கீழே ஒருவர் பிடித்திருக்கத் துடைக்கும் உயரம், அவ்வளவுதான் நம் எல்லை.

"மேடம், வெளிப்பக்கம் எங்களால முடியாது. கயிறு போட்டுத் துடைக்கிறவங்களைக் கூப்பிடுங்க" என்றார் செல்வி.

வீட்டம்மாவுக்குக் கோபம் வந்தது. "அப்ப எதுக்கு வந்தீங்க?" என்றார். உள்பக்கத்துக்குப் பேசிய பணத்திலும் பாதிதான் கொடுத்தார். 300 ரூபாய். மறுமுறை வரச் சொல்லவில்லை. படியில் இறங்கும்போது குமார் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கோபம்தான். தவணைக்கு இன்னும் 300 வேண்டும்.

செல்வி நேராகப் பேக்கரிக்குப் போனார்.

"அண்ணா, இந்த மாசக் காசு அஞ்சு நாள் முன்னாடி கிடைக்குமா? தவணை கட்டணும்."

பேக்கரிக்காரர் காரணம் கேட்கவில்லை. கல்லாவைத் திறந்து 400 ரூபாயை எடுத்துக் கொடுத்தார். மூன்று மாதமாக ஒரு வெள்ளிக்கிழமை கூடத் தவறாமல் வந்தவர் கேட்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமையும் வருவார் என்று அவருக்குத் தெரியும். செல்வி நோட்டில் "400 முன்பணம்" என்று எழுதி அவரிடம் காட்டினார்.

அன்று இரவு குமார் விலாசச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டார். அடுத்த முறை அடிக்கும்போது ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றார். "சன்ஷேடில் இறங்கித் துடைக்க மாட்டோம்."

"அதைப் போட்டா ஆள் வருமா?" என்று செல்வியே கேட்டார்.

"சன்ஷேடுல இறங்கச் சொல்றவங்க வர மாட்டாங்க. வரட்டுமே மத்தவங்க."

அந்த வரியைப் போட்டார்கள். அதனால் சில வீடுகள் கிடைக்காமல் போனதும் உண்டு.

கர்நாடகத்தில் ஆயுத பூஜைக்கு முன்பு கடைகளை எல்லாம் கழுவித் துடைப்பார்கள். கண்ணாடி துடைப்பவருக்கு அதுதான் பெரிய பருவம். கடைசி நாளில் எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். செல்வி மூன்று வாரம் முன்பே ஒவ்வொரு கடையிலும் கேட்டு நாள் குறித்துவிட்டார். "வேண்டாம்" என்று சொன்ன கடைகளுக்கும் நோட்டைப் பார்த்து மறுபடியும் போனார். அதில் இரண்டு கடை அந்த ஒரு நாளுக்கு மட்டும் வரச் சொன்னது. முடித்துவிட்டு, அங்கேயும் அதே கேள்வியைக் கேட்டார். ஒரு கடை கிழமை சொன்னது. ஒரு கடை பிறகு பார்க்கலாம் என்றது.

பூஜை அன்று வீட்டில் பக்கெட்டைக் கழுவி, வைப்பருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். ஏணிக்கு ஒரு முழம் பூ. நோட்டையும் பக்கத்தில் வைத்தார்கள். மறுநாள் காலை செல்வி அதை எடுத்துப் பிரித்தார். வெள்ளி. பேக்கரி. 9 மணி.